முழு எண்ணும் பாப்பாவின் பொத்தானும்

பெரியப்பா என் தகப்பனாரின் மூத்த சகோதரர். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவர். பேருந்துப் பணிமனை ஒன்றின் உதிரிபாகக் கிடங்கில் எழுத்தராகச் சேர்ந்து, அதே கிடங்கின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றார். இடையில் வேறு வேலைக்குப் போகவில்லை, வீட்டையும் மாற்றவில்லை. மனைவி, அதாவது என் பெரியம்மா, இன்றும் அதே வீட்டில் இருக்கிறார். ஒரே மகள். பெற்றோர் இருவரும் இருக்கும்போதே அவள் இறந்தாள். பெரியப்பா எழுபத்தொன்றாம் வயதில், நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில் காலமானார்.

குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்களைத் திரட்டி வைப்பது சில ஆண்டுகளாக என் பொறுப்பு. ஒருவருக்கு ஐந்தாறு வரிகளுக்கு மேல் எழுதுவது வழக்கமில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் அது போதவில்லை. அவர் வீட்டில் நடந்த ஒன்றை நேரில் கண்டவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர் இப்போது இல்லை. மற்றொருவரான பெரியம்மாவின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

கிடங்கில் பெரியப்பாவுக்கு ‘முழுசு’ என்று பட்டப்பெயர். அதற்குக் காரணம் கணினி. பணிமனைக்கு முதல் கணினி வந்தபோது அதைத் தொட ஆளில்லை. தூசி படியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பெரியப்பா சாப்பாட்டு இடைவேளைகளில் துணியை விலக்கிவிட்டு, கூட வந்த கையேட்டைப் பார்த்து, பேசிக் என்ற நிரல்மொழியைத் தானாகக் கற்றுக்கொண்டார். அந்த மொழியில் ஒரு வசதி இருந்தது. நிரலின் முதல் வரியிலேயே, ‘A முதல் Z வரை எந்த எழுத்தில் தொடங்கும் பெயரானாலும் அதில் முழு எண் மட்டுமே இருக்கும்’ என்று ஒரே கட்டளையில் அறிவித்துவிடலாம். அப்படிச் செய்தால் இயந்திரத்தின் நினைவகம் மிச்சமாகும், ஓட்டமும் வேகமாகும். கிடங்கில் இருந்தவையோ போல்ட், நட், பேரிங், பிரேக் லைனிங். எதுவும் பின்னத்தில் வராது. ஆகவே எந்த நிரலை எழுத உட்கார்ந்தாலும் அந்த வரியை முதலில் அடித்துவிட்டுத்தான் அடுத்ததை யோசிப்பார். சாப்பிட உட்காருமுன் கை கழுவுவதைப் போல.

கம்பிச் சன்னலுக்கு வெளியே நின்று மெக்கானிக்குகள் அவரைச் சீண்டுவார்கள்.

“முழுசு சார், அரை போல்ட் ஒண்ணு குடுங்க, அவசரம்!”

“அரை போல்ட் கிடையாது. முழு போல்ட்டை வாங்கிட்டுப் போ, மீதியை உன் பல்லாலயே கடிச்சுத் துப்பிடு” என்பார் பெரியப்பா, தலை நிமிராமல்.

இனி வருவது விளங்க இன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேசிக்கில் ‘ஃபங்ஷன்’ என்று உண்டு. திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய சிறிய கணக்கு ஒன்றை ஒரு முறை எழுதிப் பெயரிட்டு வைத்துக்கொள்வது. அதற்குள் நாம் அனுப்பும் எண் போய் உட்காரும் இடத்துக்குப் பாராமீட்டர் என்று பெயர். அந்த இடம் முழு எண்ணுக்கானதா, பின்னத்துக்கும் இடம் தருவதா என்பதை இரண்டு வழிகளில் தீர்மானிக்கலாம். பாராமீட்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு குறி இருந்தால் அந்தக் குறி தீர்மானிக்கும். குறி இல்லையென்றால், நிரலின் தலைப்பில் உள்ள அந்த அறிவிப்பு தீர்மானிக்கும். ஃபங்ஷனை மட்டும் படிப்பவர் கண்ணுக்கு இந்த இரண்டாவது வழி தென்படாது.

மகளை எல்லோரும் பாப்பா என்றே அழைத்தோம். வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் உடல் அவள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. கைகள் தாமாக முறுக்கிக்கொள்ளும். பேச்சு வரவில்லை. திடீர் திடீரென்று உடம்பு முழுவதும் விறைத்து, சில நொடிகள் கழித்துத்தான் தளரும். தலையை மட்டும், சிரமப்பட்டு, அவள் நினைத்த பக்கம் கொண்டுபோக முடிந்தது. மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு அது. தெருவைப் பார்த்த சன்னலருகே அவளுடைய சாய்வு நாற்காலி. எதிர்ச் சாரியில் தையல்காரர் கடை இருந்தது. அவர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் பாப்பா சிரிப்பாள். புரிந்து சிரிக்கிறாளா, சத்தத்துக்குச் சிரிக்கிறாளா என்பதுதான் அந்த வீட்டில் அன்றாடம் எழுந்த கேள்வி.

“புரியாமலா அந்த ஆள் கடை திறக்கலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறா?” என்பார் பெரியம்மா.

“நாய்க்குட்டிகூட சத்தத்துக்கு வாலாட்டும்மா. எனக்கும் ஆசைதான். ஆனா கணக்கு வேணும்ல?” என்பார் பெரியப்பா.

கணக்கு கேட்டதில் அவரைக் குறை சொல்ல முடியாது. உடல் முடங்கிய குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. பேச்சைப் புரிந்துகொள்ளும் குழந்தைகளை மட்டுமே அங்கே சேர்த்துக்கொண்டார்கள். மதிப்பீடு செய்ய ஓர் அம்மையார் வீட்டுக்கே வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார். பேசாத, கை நீட்டாத குழந்தையை எப்படி மதிப்பிடுவது என்று அவருக்கே தயக்கம். பெரியப்பா தாமே ஒரு வழி செய்வதாகப் பதில் எழுதினார்.

தொலைக்காட்சிப் பெட்டியில் இணைக்கக்கூடிய சிறிய கணினி ஒன்றை வாங்கினார். கழித்துக்கட்டிய பேருந்து ஒன்றின் ஹாரன் பொத்தானை அனுமதி பெற்று எடுத்துவந்தார். அதை ஒரு வளைந்த இரும்புப் பட்டையில் பொருத்தி, பாப்பாவின் தாடைக்குக் கீழே வரும்படி நாற்காலியில் இறுக்கினார். திரையில் இடப்பக்கம் ‘ஆம்’, வலப்பக்கம் ‘இல்லை’. இரண்டும் மாறி மாறி ஒளிரும். கேள்வியைப் பெரியப்பா வாய்விட்டுக் கேட்பார். ‘ஆம்’ ஒளிரும்போது பாப்பா தாடையால் அழுத்தினால் ஆம். மற்றது ஒளிரும்போது அழுத்தினால் இல்லை. பதில் வராவிட்டால் அதே கேள்வி மேலும் இரண்டு முறை. அப்போதும் வராவிட்டால் ‘பதில் இல்லை’ என்று பதிந்துவிட்டு இயந்திரம் அடுத்ததற்குப் போகும்.

பாப்பா இரண்டு வாரத்துக்குள் பொத்தானைப் பழகிக்கொண்டாள் என்பது பெரியம்மாவின் வாக்கு. அவளுக்கு எப்போதுமே சிறு தலைநடுக்கம் உண்டு. அதனால் தாடை பொத்தானை லேசாக உரசிக்கொண்டேயிருக்கும். அந்த உரசல்களைப் பதிலென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியப்பா பல நாள் கவனித்து, அரைக்கால் நொடி, கால் நொடி வந்துபோவதெல்லாம் உரசல் என்றும், நொடியில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் நீடித்தால் அது வேண்டுமென்று அழுத்தியது என்றும் வகுத்தார். அந்த வகுப்பு சரியானது. அதற்காக, மதிப்பீட்டுக்கு முந்தைய இரவு, ஒரு ஃபங்ஷன் எழுதினார்: S என்ற பாராமீட்டருக்குள் அழுத்திய நேரம் நொடியில் வரும், அது 0.3க்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் தள்ளு. அந்த வரியும் சரியானது.

நிரலின் முதல் வரியில், வழக்கம்போல், எல்லாம் முழு எண் என்ற அறிவிப்பு இருந்தது.

மதிப்பீட்டாளர் வந்த நாளைப் பற்றிப் பெரியம்மா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பெரியப்பாவும் அதில் எதையும் மறுத்ததில்லை. அம்மையார் கண்டிப்பானவர் அல்லர். வந்ததும் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டு, “என்னடா தங்கம், ஹாரன் அடிக்கப் போறியா?” என்று கேட்டிருக்கிறார். பிறகு பெரியப்பாவிடம், “சின்னதா அழுத்தினாலும் மெஷின் எடுத்துக்குமா சார்?” என்று கேட்டார்.

“அரை செகண்ட் அழுத்தினாக்கூட எடுத்துக்கும் மேடம். இதோ பாருங்க” என்று பெரியப்பா அந்த ஃபங்ஷன் வரியைத் திரையில் கொண்டுவந்து காட்டினார். 0.3 என்று அங்கே இருந்தது. அம்மையார் தலையசைத்தார்.

நாற்பது கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு ‘பதில் இல்லை’. இயந்திரம் ஏற்றுக்கொண்ட சில பதில்களிலும் ஏறக்குறைய பாதி சரி, பாதி தவறு.

நடுவில் பெரியம்மா இரண்டு முறை குறுக்கிட்டார். “அவ அழுத்தினா! நான் பார்த்தேன்! மெஷின் ஏன் கம்முனு இருக்கு?”

“அது நடுக்கம்மா. நீ ஆசையில பாக்குற. கொஞ்சம் பேசாம இரு” என்றார் பெரியப்பா.

அம்மையார் முடிவை உடனே சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார். “சார், காசைச் சுண்டிப் போட்டாலும் இதே மாதிரிதான் வரும். மன்னிச்சுக்கோங்க. எங்ககிட்ட இடம் ரொம்பக் கம்மி.”

அவர் போன பிறகு பெரியப்பா சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் பதிய வேண்டும். பொத்தானைக் கழற்றிச் சோதித்தார். கம்பியில் ஒரு சிறு பல்பை இணைத்துப் பார்த்தார்; தொட்டபோதெல்லாம் எரிந்தது. ஃபங்ஷன் வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். பெரியம்மா பக்கத்திலேயே நின்றார். எல்லாம் சரியாக இருந்தது. “மெஷினுக்கு அவ மேல என்ன கோவமா, பொய் சொல்ல?” என்று சொல்லிவிட்டு அணைத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு முறை பொத்தானை மீண்டும் பொருத்தியபோது பாப்பா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். பயப்படுகிறாள் என்று எடுத்துவிட்டார்கள். கணினியும், நிரலையும் அன்றைய பதிவுகளையும் சேமித்திருந்த ஒலிநாடாவும் பரணுக்குப் போயின.

அதன்பின் அந்த வீட்டில் பேச்சு மாறியது. முதல் ஓரிரு ஆண்டுகள் பெரியம்மா விட்டுக்கொடுக்கவில்லை. குளிப்பாட்டும்போதும் தலை வாரும்போதும் பாப்பாவிடம் கதை பேசுவார், கேள்வி கேட்பார், பதிலையும் தாமே சொல்லிக்கொள்வார். பிறகு அது மெல்லக் குறைந்தது. பாப்பாவை வைத்துக்கொண்டே, அவள் இல்லாததுபோல, அவளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். விடுதியில் சேர்ப்பதைப் பற்றிப் பெரியப்பா அவள் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தபடியே என் தகப்பனாரோடு ஆலோசித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒருநாள் பார்க்க வந்த உறவினர் ஒருவரிடம் பெரியம்மா, பாப்பாவின் தலையை வாரிக்கொண்டே, “எங்களுக்கு முன்னாடி இவ போயிடணும். அதைத்தான் தினமும் வேண்டிக்கறேன்” என்றார். உறவினர் பதறி, “என்னக்கா, பிள்ளை காதுல விழப்போகுது” என்று கையைப் பிடித்தார். “அவளுக்கு என்ன புரியுது? அதுவும் ஒரு வகைக்கு நல்லதுதான்” என்றார் பெரியம்மா. நான் அப்போது அந்த அறையில் இருந்தேன். பாப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா வேண்டியபடியே ஆயிற்று. ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் நின்றது, பாப்பா போய்விட்டாள். சாவுக்கு வந்தவர்களிடம் பெரியப்பா சொன்னது ஒன்றே: “கஷ்டம்னா என்னன்னு தெரியாமலே வாழ்ந்துட்டா.” அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இருவரும் எழுந்தார்கள். வேறு பிடிமானம் அவர்களுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்துப் பெரியப்பா பரணைச் சுத்தம் செய்தார். நாடாக்கள் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தன. தாம் எழுதிய பழைய நிரல்களையெல்லாம் புதிய கணினிக்கு மாற்றி வைக்கலாம் என்று கிளம்பினார். பொழுதும் போக வேண்டுமல்லவா. ஒரு சிக்கல் எழுந்தது. இன்றைய நிரல்மொழிகள் பலவற்றில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதன் பாராமீட்டர் எந்த வகை என்று அங்கேயே வெளிப்படையாக எழுதியாக வேண்டும். பழைய பேசிக்கில் அது எங்கோ தலைப்பில் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடச் சலித்துக்கொண்டு, பெரியப்பா ஒரு சிறு பரிசோதனை நிரலை எழுதினார். பழைய நிரல் எதைக் கொடுத்தாலும் அது படித்துப் பார்த்து, அதில் உள்ள ஃபங்ஷன்கள் எவை, ஒவ்வொன்றின் பாராமீட்டர் எந்த வகை என்று வரிசையாகக் காட்டும்.

கிடங்கு நிரல்களை முதலில் கொடுத்தார். முழு எண், முழு எண், முழு எண் என்று வந்தது. தொலைபேசியில் என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னார்: “முழுசுன்னு சும்மாவா பேர் வச்சானுங்க!”

அடுத்த வாரம் மீண்டும் தொலைபேசி வந்தது. குரல் வேறாக இருந்தது.

“கண்ணு, ஒரு ஸ்டாக் எடுக்கணும். ரெண்டாவது ஆள் வேணும். வர்றியா?”

கிடங்கில் ஒருவர் தனியாக எண்ணிய சரக்கு எண்ணியதாக ஆகாது. ஒருவர் எண்ண வேண்டும், மற்றவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. எந்தச் சரக்கு என்று புரியவில்லை. பிற்பகலில் போனேன். பெரியம்மா உள்ளறையில் படுத்திருந்தார். பெரியப்பா திரையைக் காட்டி, “வாய்விட்டுப் படி” என்றார்.

ஃபங்ஷன் ஒன்று, பாராமீட்டர் S, வகை, முழு எண். இவ்வளவுதான் இருந்தது. எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். நிதானமாக, கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்வதைப்போல.

“S-க்குள்ள நான் அனுப்புறது நேரம். அரை செகண்ட்னா 0.5. ஆனா S முழு எண் மட்டும்தான் வாங்கும். அதனால புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறதை வெட்டி எறிஞ்சுட்டு, பூஜ்யத்தை உள்ள எடுத்துக்கும். பூஜ்யம் 0.3-ஐ விடப் பெரிசா?”

“இல்லை.”

“அப்போ தள்ளிடும். அரை செகண்டு, முக்கால் செகண்டு, எல்லாமே பூஜ்யம். ஒரு செகண்டுக்கு மேல அழுத்தினாத்தான் எடுத்துக்கும். பாப்பாவால ஒரு செகண்டு அழுத்த முடியாது. தாடை அவ்வளவு நேரம் நிக்காது. அவ உடம்பு விறைக்கும் பார்த்தியா, அப்ப மட்டும் தாடை ரெண்டு மூணு செகண்டு பொத்தான் மேலயே கிடக்கும்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அவ சொன்னதையெல்லாம் தள்ளிட்டு, அவ சொல்லாததை மட்டும் எடுத்து வச்சிருக்கு, கண்ணு” என்றார்.

அன்றைய அழுத்தல்கள் அத்தனையும் நாடாவில் இருந்தன. ஏற்றது, தள்ளியது என்று பாராமல், எந்தக் கேள்வியில், எந்தச் சொல் ஒளிரும்போது, எப்போது தொடங்கி, எவ்வளவு நேரம் என்று மூலப் பதிவை அவர் அப்படியே வைத்திருந்தார். இயந்திரத்தின் கடிகாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும். நேரத்தை அந்தத் துடிப்புகளாக எண்ணிவைத்திருந்ததால் அவையும் முழு எண்களாகவே இருந்தன, ஒன்றும் சேதப்படவில்லை. ஃபங்ஷனுக்கு அனுப்பும் இடத்தில்தான் ஐம்பதால் வகுத்திருந்தார். பாராமீட்டரின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்த்தால் அது பின்னத்தையும் வாங்கும். அந்தக் குறியை என் கண்முன்னே சேர்த்தார். மீண்டும் ஓட்டினார்.

நான் படித்தேன், அவர் குறித்துக்கொண்டார். பிறகு அவர் படித்தார், நான் குறித்தேன். இரண்டும் ஒத்துப்போயின. கேள்விகளில் கடைசி ஒன்றுக்குச் சரி தவறு கிடையாது. மீதி முப்பத்தொன்பதில் பாப்பா முப்பத்தாறுக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தாள். தவறிய மூன்றும் உடல் விறைத்த நேரங்கள்.

இதைப் பெரியம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பெரியப்பா என்னைக் கேட்டார். சொன்னால் மகள் அறிவுள்ளவள் என்ற செய்தி அவருக்குக் கிடைக்கும். ஆனால் அவர் அத்தனை காலம் சாய்ந்திருந்த சுவரும் அதோடு போகும். அவள் காதுக்கு எட்டும் தூரத்தில் பேசியவை எல்லாம் அவள் கேட்டவை ஆகிவிடும். பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று அப்போது தோன்றியது; இப்போதும் அப்படியே.

அதற்குள் பெரியம்மாவே எழுந்து, மூவருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“என்ன, ரெண்டு பேரும் இழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? மெஷின் புட்டுக்கிச்சா?”

பெரியப்பா மறைக்கத் தெரியாதவர். சொல்லிவிட்டார். எனக்கு விளக்கிய அதே நிதானத்தில் தொடங்கினார். பாதியில் குரல் போய்விட்டது. மீதியை நான் சொன்னேன்.

பெரியம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

“இதை எதுக்குங்க இப்ப எங்கிட்ட சொல்றீங்க?”

“உனக்குத் தெரியணும்ல... நீதான அன்னிக்கே சொன்னே, அவ அழுத்தினான்னு. நீ சொன்னதுதான் சரி.”

“நான் சரின்னு யாரு கேட்டா? அவளுக்குப் புரியலைன்னு நீங்கதான சொன்னீங்க? மெஷின் சொல்லிடுச்சுன்னு சொன்னீங்க. நான் நம்பல. மல்லுக்கு நின்னேன். அப்புறம் உடம்பும் மனசும் ஓய்ஞ்சுபோய் நம்பினேன். நம்பினதுக்கப்புறம்தாங்க எனக்குத் தூக்கமே வந்துச்சு. இப்ப அதையும் பிடுங்கிட்டீங்களே.”

“ஏம்மா...”

“அவ பக்கத்துல நின்னு நான் என்னல்லாம் பேசியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நானும்தான பேசினேன்.”

“நீங்க அப்பா. உங்க பேச்சை அவ மன்னிச்சிருப்பா. நான் அவ தலையை வாரிக்கிட்டே சொன்னேங்க. போயிடணும்னு சொன்னேன். சீப்பு அவ தலையிலதான் இருந்துச்சு.”

அன்று தேநீரை யாரும் குடிக்கவில்லை.

அடுத்து நான் போனபோது வீட்டில் பேச்சே இல்லை. பெரியம்மா தட்டை வைப்பார். பெரியப்பா சாப்பிட்டு எழுவார். பெரியப்பா மெலிந்திருந்தார். அந்த நாடாவை அழித்துவிடட்டுமா என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் பெரியம்மா வாயைத் திறந்து, “கையை வச்சீங்கன்னா பாருங்க” என்றாராம். பெரியப்பா இதை என்னிடம் சொன்னபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு மனைவி தம்மைத் திட்டியதில் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தாற்போலிருந்தது.

பின்னொரு நாள், நானும் இருந்தபோது, பெரியம்மா ஒரு நாற்காலியை இழுத்துக் கணினியின் முன் போட்டு உட்கார்ந்தார்.

“படிங்க. எல்லாத்தையும் படிங்க. என்ன கேட்டீங்க, என்ன சொன்னா?”

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “முதல் கேள்வி. ‘இப்ப ராத்திரியா?’ இல்லைன்னு அழுத்தியிருக்கா.”

“ம்.”

“‘இது அம்மாவா?’ன்னு உன்னைக் காட்டிக் கேட்டேன். ஆமான்னு அழுத்தியிருக்கா.”

“யோசிச்சாளா, சட்டுனு சொன்னாளா?”

பெரியப்பா துடிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தார். “ஆம் வந்த உடனே. அன்னிக்கு இருந்ததிலேயே இதுக்குத்தான் வேகம்.”

பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். கையை மட்டும் ஆட்டி, மேலே படிக்கச் சொன்னார்.

“‘தையக்காரர் கடை எதிர்ல இருக்கா?’ ஆம். ‘பூனை பறக்குமா?’ இல்லை. ‘அப்பாவுக்குத் தலையில முடி ஜாஸ்தியா?’...”

“அதுக்கு என்ன சொன்னா?”

“இல்லைன்னு.”

“பின்னே, கண்ணு நல்லாத்தான தெரிஞ்சுது அவளுக்கு” என்றார் பெரியம்மா. சிரித்துவிட்டார். சிரிப்பு சரியாக முடியாமல் வேறொன்றாக மாறியது. பெரியப்பா படிப்பதை நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்தார். அவர் மனைவியின் கையைப் பிடிக்க முயன்றதையும், பெரியம்மா முதலில் உதறிப் பிறகு விட்டுவிட்டதையும் கண்டேன்.

இப்படியே போயிற்று. மழை பெய்கிறதா என்ற கேள்விக்கு இல்லை. சன்னல் திறந்திருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம். மாலை வெயில் சன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. கடைசிக் கேள்விக்கு வந்ததும் பெரியப்பா நின்றார்.

“இது மதிப்பீட்டுல சேராதது. கடைசியில நானாப் போட்டது.”

“படிங்க.”

“‘பள்ளிக்கூடத்துக்குப் போறியா?’”

பெரியம்மா காத்திருந்தார்.

“ஆம். மெஷின் எடுத்துக்கலை. அதனால ரெண்டாவது தடவை கேட்டிருக்கேன். ஆம். மறுபடியும் தள்ளிடுச்சு. மூணாவது தடவையும் ஆம். மூணாவதுதான் கொஞ்சம் நீளம். முக்கால் செகண்டுக்கு மேலயே அழுத்தியிருக்கா. முடிஞ்ச மட்டும் அழுத்தியிருக்கா.”

பெரியப்பா இயந்திரத்தை அணைத்தார். பெரியம்மா திரையைப் பார்த்தபடியே, எங்கள் இருவரையும் கேட்காமல், தமக்குத் தாமே பேசினார்.

“அப்ப அவளுக்கு வயசு எட்டு. போனப்ப இருபத்தி நாலு.”

கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணத் தொடங்கினார். எட்டைத் தாண்டியதும் குழம்பி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பெரியப்பா உதவிக்கு வரவில்லை. அவரும் சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய, கூடவே எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினாறு ஆண்டுகள்.